இருபது விநாடிப் பால்: கூட்டுக் கொட்டிலில் தாய்ப்பன்றியும் குட்டிகளும்

பசுவின் மடியில் பால் தேங்கி நிற்கும்; கன்று எப்போது முட்டினாலும் கொஞ்சமாவது வரும். பன்றி மடியில் அப்படித் தேக்கி வைக்கும் அறை கிடையாது. காம்புக்குப் பெரும்பாலும் இரண்டு நுண்குழாய்கள், அவ்வளவுதான். பாலை இறக்கும் ஹார்மோனான ஆக்சிடோசின் ரத்தத்தில் ஏறி, மடி பாலைப் பிழிந்து தள்ளும் 15 முதல் 20 விநாடிக்குள் எந்தக் குட்டியின் வாயில் காம்பு இருக்கிறதோ அதற்குத்தான் பால். தவறவிட்டால் அடுத்த முறைக்கு 40 நிமிடமோ ஒரு மணி நேரமோ காத்துக் கிடக்க வேண்டும். நாளைக்கு 20 முதல் 25 முறை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு குட்டியின் வாயில் பால் விழும் நேரம் மொத்தமாகவே ஐந்து முதல் எட்டு நிமிடம்தான்.

தனிக் கொட்டிலில் இந்தக் கணக்கைத் தாயும் குட்டிகளும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும். நான்கு தாய்களையும் நாற்பது குட்டிகளையும் ஒரே கொட்டிலில் விட்டால்தான் சிக்கல் தொடங்கும். அடுத்தவள் மடியில் நுழையும் குட்டி, தள்ளுமுள்ளில் பால் இறங்காமலே கலைந்துபோகும் பந்தி (ஒரு முறை பாலூட்டுவதைப் பந்தி என்கிறோம்), எரிச்சலில் எழுந்து நடந்துவிடும் தாய் என்று வரிசையாக வரும். ஆனாலும் பனையோலைக் கூரை போட்டு, சுவரை இடுப்பளவில் நிறுத்தி, கடற்காற்றை நம்பி வெண்பன்றி வளர்க்கிற ராமநாதபுரக் கரைக்குக் கூட்டுக் கொட்டில் பொருந்தி வரும். தடுப்புச் சுவர்கள் குறைவதால் காற்று தடையில்லாமல் ஓடும். தாய்களும் கால் வலிக்காமல் நடமாடும். முறையாகச் செய்தால் குட்டிக்குப் பால் குறையாது. அந்த முறை ஈனும் நாளுக்கு ஏறக்குறைய நான்கு மாதம் முன்பே, இணை சேர்க்கும் நாட்காட்டியில் ஆரம்பிக்கிறது.

தேதியை ஒன்றாக்குவது

ஒரே கொட்டிலில் விடப்போகும் தாய்களின் ஈற்று ஒரு வாரத்துக்குள் அடங்க வேண்டும். பதினைந்து நாள் குட்டியும் ஐந்து நாள் குட்டியும் ஒரே இடத்தில் இருந்தால், பெரியது சின்னதைத் தள்ளிவிட்டுக் குடிப்பதைத் தடுக்க யாராலும் முடியாது. பாலூட்டும் இடைவெளியும் இரண்டு தாய்க்கும் ஒத்துவராது.

தேதியை ஒன்றாக்க ஊசி மருந்து எதுவும் வேண்டாம். நான்கு தாய்களுக்கும் ஒரே நாளில் பால் மறக்கடித்தால் போதும். உடல் தேறியிருக்கும் தாய் அதிலிருந்து 4 முதல் 7 நாளில் பருவத்துக்கு வரும். வியாழக்கிழமை குட்டிகளைப் பிரித்தால் திங்களிலிருந்து அடுத்த வியாழனுக்குள் இணை சேர்க்கை முடிந்துவிடும். சினைக்காலம் 114 நாள், அதாவது 16 வாரமும் 2 நாளும். திங்கள் சேர்ந்தது புதன்கிழமையை ஒட்டி ஈனும். புதன் சேர்ந்தது வெள்ளியை ஒட்டி. இரண்டு மூன்று நாள் முன்பின் ஆகலாம். பருவம் வராமல் ஒருத்தி தவறிவிட்டால், அவளை அடுத்த அணிக்குத் தள்ளுங்கள். இடம் காலியாகக் கிடக்கிறதே என்று பத்து நாள் தள்ளி ஈன்றவளை உள்ளே சேர்ப்பதுதான் இந்த முறையில் அதிகம் நடக்கும் தப்பு.

சினைக்காலத்தில் இந்த நான்கு பேரும் ஒன்றாகவே இருந்து பழகியிருக்க வேண்டும். யார் பெரியவள், யார் விலகிப்போக வேண்டியவள் என்ற சண்டை அங்கேயே முடிந்துவிட்டால், பால் கொடுக்கும் காலத்தில் மடியும் காதும் கிழியாது. தலையீற்றுக்காரியைத் தனியாளாகப் பெரிய தாய்களுடன் விடாதீர்கள். இரண்டு தலையீற்றுகளாகச் சேர்த்து விட்டால் ஒன்றுக்கொன்று துணை.

முதல் பத்து நாள் தனிக் கொட்டிலில்

கூட்டு வளர்ப்பு என்றதும் ஈனுவதையும் கூட்டத்திலேயே விட்டுவிடக் கூடாது. ஈனப்போகும் பன்றி இயல்பாகவே கூட்டத்தை விட்டு ஒதுங்கி, தழை கவ்விக் கூடு கட்டும். நாள் நெருங்குவதற்கு 5 முதல் 7 நாள் முன்னால் 8 அடிக்கு 10 அடி தனிக் கொட்டிலுக்கு மாற்றி, இரண்டு மூன்று கட்டு வைக்கோல் போடுங்கள். திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் பக்கம் தை, மாசியில் அறுப்பு முடிந்ததும் வாங்கி மழை படாமல் அடைந்துவைத்தால் ஆண்டு முழுக்க ஓடும். பூஞ்சை பிடித்த வைக்கோல் வேண்டாம். கரை மணலை அள்ளிப் போடுவதும் வேண்டாம்; உப்பு மணல் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பால் குடிக்க முட்டி போடும் குட்டியின் முழங்காலும் தேயும்.

சுவரோரம் மூன்று பக்கமும் தரையிலிருந்து 9 அங்குலம் உயரத்தில், சுவரிலிருந்து 9 அங்குலம் தள்ளி ஒரு தடுப்புக் கம்பு கட்டுங்கள். தாய் சுவரில் சாய்ந்து சரியும்போது குட்டி நசுங்காமல் ஒதுங்கும் சந்து அது. இரும்புக் குழாய் இங்கே உப்புக் காற்றில் சீக்கிரம் துருவேறி, செதில் செதிலாக உரிந்து மடியைக் கீறும். தோல் உரித்த சவுக்குக் கம்பு மலிவு, மாற்றுவதும் எளிது. சீமைக் கருவேலம் உறுதிதான், முள்ளையும் கணுவையும் முழுக்கச் செதுக்கிவிட்டால் பயன்படுத்தலாம். கருவேல முள்ளை வேலியாகப் போட்ட பட்டிக்குள் பால் கொடுக்கும் தாயை மட்டும் விடவே கூடாது.

ஈன்ற முதல் 12 மணி நேரம் சீம்பால் ஏறக்குறைய நிற்காமல் வந்துகொண்டிருக்கும்; குட்டி எப்போது கவ்வினாலும் கிடைக்கும். அதன் பிறகுதான் மணிக்கொரு முறை என்ற ஒழுங்கு வரும். குட்டியின் குடல் நோய் எதிர்ப்புப் பொருளை அப்படியே உறிஞ்சுவது சுமார் 24 மணி நேரத்தோடு அடைபட்டுவிடும். அதற்குள் ஒவ்வொன்றுக்கும் 250 மில்லியாவது போய்ச் சேர வேண்டும். பத்துப் பன்னிரண்டுக்கு மேல் குட்டி இருந்தால் பந்தி பிரியுங்கள்: முதலில் பிறந்து வயிறு நிறைந்த பெரிய ஐந்தாறை ஓலைக் கொட்டானில் துணி விரித்துப் போட்டு, ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். அந்த நேரம் முழுக்க மடி சின்னதுகளுக்கு. ஒரு கிலோவுக்குக் குறைந்த குட்டி இதில்தான் பிழைக்கும். நஞ்சுக்கொடி விழுந்ததும் எடுத்துப் புதைத்துவிடுங்கள். காக்கையும் நாயும் அதைத் தேடி வந்து குட்டி மேல் கை வைக்கும்.

அதே நாளில் காம்புகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் பிதுக்கிப் பார்த்து, சீம்பால் வருவதை மட்டும் கணக்கில் எடுங்கள். 14 காம்பு உள்ளவளுக்கு 2 குருட்டுக் காம்பு இருந்தால் அவள் 12 குட்டிக்காரிதான். மிச்சக் குட்டியை, தன் தாயிடம் சீம்பால் குடித்து 12 மணி நேரம் ஆன பிறகு, 24 மணிக்குள், காம்பு மிச்சமிருக்கும் தாய்க்கு மாற்றுங்கள். மாற்றுவதற்குப் பெரிய, சுறுசுறுப்பான குட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலவீனமானதைக் கொடுத்தால் அங்கே இடம் பிடிக்கத் தெரியாமல் வாடும். இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்தாலே பின்னால் வரும் பால் திருட்டில் பாதி இல்லாமல் போகும். பிறர் மடி தேடுகிற குட்டியைப் பின்தொடர்ந்து பார்த்தால், பெரும்பாலும் அதற்குத் தன் தாயிடம் ஒழுங்கான காம்பு இல்லை என்பது தெரியும்.

முதல் வாரத்துக்குள் குட்டிகள் காம்பைப் பங்கு போட்டுவிடும். எது எதைப் பிடித்ததோ அதுவே கடைசிவரை அதன் சொத்து. முன் காம்புகளுக்குப் போட்டி அதிகம். யாரும் குடிக்காத காம்பு இரண்டு மூன்று நாளில் வற்றத் தொடங்கும். அதற்கப்புறம் அந்த ஈற்றில் அதை எழுப்ப முடியாது. ஆகவே மூன்றாம் நாளுக்கு மேல் குட்டி மாற்றுவது வீண் சண்டை. கன்னங்களில் கீறல் அதிகமிருந்தால் கூர்ப் பற்களின் நுனியை மட்டும் தேயுங்கள். எட்டுப் பல்லையும் ஈறோடு நறுக்கினால் ஈறு புண்ணாகி, குட்டி குடிப்பதையே குறைத்துக்கொள்ளும்.

மூன்றாம் நாள் இரும்புச்சத்து ஊசி, குட்டிக்கு 200 மில்லிகிராம், கழுத்துத் தசையில். குப்பியில் ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று படித்துவிட்டு அளவெடுங்கள். குட்டிக்கு நாளுக்கு 7 மில்லிகிராம் இரும்பு வேண்டும். தாய்ப்பாலில் கிடைப்பது 1 மில்லிகிராம் அளவுதான்.

வெப்பம் பற்றி ஒரு வார்த்தை. நம்மூர் வெயிலுக்குக் குட்டிக்கு விளக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பிறந்த குட்டிக்கு 32 முதல் 34 டிகிரி வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாடை அடிக்கும் இரவு அதைவிட எட்டுப் பத்து டிகிரி கீழே போகும். தாய்க்கோ 25 டிகிரிக்கு மேல் போனாலே மூச்சு வாங்கும். ஒரே கொட்டிலில் இரண்டு தட்பவெப்பம் வேண்டும் என்பதால்தான் மூலையில் மூடிபோட்ட குட்டிப் பெட்டியும் அதற்குள் விளக்கும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் குட்டிகள் படுத்திருப்பதைப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று குவிந்தால் குளிர். பெட்டியின் ஓரத்தில் சிதறி மூச்சு வாங்கினால் சூடு. பக்கவாட்டில் சரிந்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு தூங்கினால் சரி. குளிர்ந்த குட்டி தாயின் வயிற்றை ஒட்டிப் படுத்து நசுங்கும். குட்டிச் சாவில் பெரும்பங்கு முதல் மூன்று நாளில் இப்படித்தான்.

பால் இறங்குவதைக் கண்ணால் பார்ப்பது

கூட்டத்தில் சேர்க்கும் முன்பே ஒரு பந்தியை முழுசாகப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். தாய் பக்கவாட்டில் சரிந்து, இரண்டு வரிசைக் காம்பும் தெரியும்படி மடியை விரிக்கும். மெதுவான, தணிந்த உறுமல் தொடங்கும். இரண்டு விநாடிக்கு ஒன்று என்கிற மாதிரி. பெட்டியில் தூங்கிய குட்டிகள் எழுந்து ஓடிவரும், கொஞ்சம் கீச்சும் தள்ளுமுள்ளும் இருக்கும். அவரவர் காம்பைப் பிடித்ததும் மூக்கால் மடியை மேலும் கீழுமாக முட்டித் தேய்க்கும். இது ஒரு நிமிடம், சில நேரம் மூன்று நிமிடம். அப்போது வாயில் ஒன்றும் வராது.

திடீரென்று உறுமல் வேகமெடுக்கும். எண்ண முடியாத அளவுக்கு அடுத்தடுத்து வரும். அதிலிருந்து ஏறக்குறைய 20 விநாடி கழித்துப் பால் இறங்கும். அந்த நொடியில் குட்டிகளைப் பாருங்கள்: முட்டுவது சட்டென்று நின்றுவிடும். காது பின்னால் படியும், உடம்பு விறைத்து நீளும், வால் முறுகும், தாடை மட்டும் விநாடிக்கு மூன்று முறை என்று சின்னச் சின்னதாக அசையும். சத்தமே இருக்காது. பத்துக் குட்டியும் ஒரே நேரத்தில் இப்படி உறைந்து நின்றால் பால் இறங்கிவிட்டது. பிறகு மறுபடி முட்டத் தொடங்கும், சில காம்பிலேயே தூங்கிப்போகும். இந்தக் கடைசி முட்டல் வீண் வேலை இல்லை. நன்றாக முட்டப்பட்ட காம்பு வரும் நாட்களில் கூடுதலாகச் சுரக்கும்.

உறுமல் வேகமெடுக்காமலே, குட்டி உறையாமலே தாய் எழுந்துவிட்டால் அது பொய்ப் பந்தி. ஒன்றிரண்டு எந்தத் தாய்க்கும் உண்டு. மூன்றில் ஒன்று பொய்யாகப் போனால் ஏதோ கலைக்கிறது என்று பொருள்.

கலைப்பதில் முதல் இடம் சத்தத்துக்கு. பெட்டிக்குள் தூங்கும் குட்டிக்கும், மடியின் பின்கோடியில் இருக்கும் குட்டிக்கும் தாயின் உறுமல்தான் கடிகாரம். தலைக்கு மேல் பெரிய மின்விசிறி இரைந்துகொண்டிருந்தால் உறுமல் வேகமெடுப்பது கேட்காது. குட்டி முட்டலை ஒன்றாகச் சேர்ந்து செய்யாது, பால் பங்கும் தாறுமாறாகும். விசிறியைப் படுக்கைப் பகுதியிலிருந்து தள்ளி, நடமாடும் பகுதிக்கு மேல் மாட்டுங்கள். தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர் இரண்டையும் கொட்டில் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

ஒன்று சேர்ப்பது

நான்கு தாய்க்கு 340 சதுர அடியை ஒட்டிய கொட்டில் வேண்டும். 26 அடிக்கு 13 அடி கச்சிதமாக இருக்கும். ஒரு தாய் சரிந்து படுத்துக் குட்டிகள் வரிசையில் நிற்க 8 அடிக்கு 5 அடி பிடிக்கும். நான்கு பேரும் ஒரே நேரத்தில் படுக்க வசதி இல்லையென்றால் கூட்டம் ஒரே தாளத்துக்கு வரவே வராது. ஒரு பக்கம் முழுக்கக் குட்டிகளுக்கு மட்டுமான இடம், 60 சதுர அடி. வாசல் துளை 8 அங்குல அகலம், 12 அங்குல உயரம். ஒன்று போதாது, மூன்று வையுங்கள். ஒரே துளையென்றால் நாற்பது குட்டியும் அதில் அடைத்துக்கொண்டு, கடைசியில் வருவது பால் முடிந்த பிறகு வந்து சேரும்.

சேர்க்கும் வயது குட்டிக்கு 10 முதல் 14 நாள். அதற்கு முன் என்றால் காம்புப் பங்கு உறுதிப்பட்டிருக்காது, நசுங்கலும் அதிகம். மூன்று வாரத்துக்கு மேல் போனால் குட்டிகள் அந்நியரைக் கண்டதும் கடித்துச் சண்டையிடும். இரண்டு வாரத்துக்குள் சேர்ந்தவை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

முதலில் குட்டிகள் மட்டும். பக்கத்துப் பக்கத்துக் கொட்டில்களுக்கு நடுவில் குட்டி நுழையும் பலகையை எடுத்துவிட்டு, தாய்களை அவரவர் இடத்திலேயே வைத்து இரண்டு நாள் விடுங்கள். உறுமல் கேட்டதும் தன் தாயிடம் ஓடிவரப் பழகிவிடும். தாயின் குரலை முதல் வாரத்திலேயே குட்டி பிரித்தறியும். இந்த இரண்டு நாளில் ஒவ்வொரு ஈற்றுக்கும் முதுகில் அடையாளம் போடுங்கள். ஊதா மருந்தால் ஒன்றுக்கு ஒரு புள்ளி, அடுத்ததற்கு இரண்டு, மூன்றாவதற்குக் கோடு, நான்காவதற்குக் குறுக்குக் கோடு. அடையாளம் இல்லாமல் கூட்டுக் கொட்டிலில் யார் யாரிடம் குடிக்கிறது என்று சொல்ல முடியும் என்பவரை நம்பாதீர்கள்.

பிறகு தாய்கள். வெயில் தாழ்ந்து ஆறு மணிக்கு மேல், வயிறு நிறையத் தீவனம் தின்ற பின், நான்கையும் ஒரே நேரத்தில் புதுக் கொட்டிலுக்கு மாற்றுங்கள். ஒருத்தி முன்பே இருந்து மற்றவள் நுழைந்தால் முன்னவள் இடத்துக்குச் சண்டை போடுவாள். தரை முழுக்கப் புது வைக்கோலும், அதன்மேல் அங்கங்கே இரண்டு கை தவிடும் தூவியிருந்தால் மூக்கு அதில் இருக்கும். குட்டிகளைக் கூடவே விடுங்கள். முதல் இரண்டு பந்தி முடியும்வரை அருகில் நில்லுங்கள். உள்ளே இறங்க வேண்டாம்.

முதல் நாளும் இரண்டாம் நாளும் பொய்ப் பந்தி கூடும், எடை ஏற்றம் சற்றுத் தட்டும். இது எதிர்பார்த்ததுதான். தாய் நான்கு மணி நேரமாகப் படுக்கவே இல்லை, மடியில் கடி விழுந்திருக்கிறது, இரண்டு வேளை தீவனத்தைத் தொடவில்லை என்ற மூன்றில் எது நடந்தாலும் அவளையும் அவள் குட்டிகளையும் அன்றே தனிக் கொட்டிலுக்குத் திருப்பிவிடுங்கள்.

மூன்றாம் நாளிலிருந்து கூட்டம் ஒரு தாளத்துக்கு வரும். ஒருத்தி உறுமத் தொடங்கினால் அந்தச் சத்தத்திலேயே அடுத்தவளின் குட்டிகளும் மடிக்கு ஓடும், சில நிமிடங்களுக்குள் நால்வரும் படுத்திருப்பார்கள். கூட்டு வளர்ப்பின் உயிர்நாடி இதுதான். எல்லா மடியும் ஒரே நேரத்தில் திறந்தால் திருடனுக்கு வேலை இல்லை: அடுத்தவளிடம் போனால் தன் பங்கு போய்விடும். ஒருத்தி மட்டும் தனியாகப் பால் கொடுக்கும் பந்தியில்தான் மற்ற மூன்று ஈற்றுக் குட்டியும் வந்து மொய்க்கும். ஆகவே தீவனம் போடுவது, கழுவுவது, ஊசி போடுவது எல்லாம் நால்வருக்கும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். ஒருத்தியை மட்டும் எழுப்பிவிட்டால் அவள் தாளம் பிசகி, சரியாக நாள் முழுக்க ஆகும்.

பால் திருட்டை எண்ணிப் பார்ப்பது

சேர்த்த நான்காம் நாள் ஒரு காலைப் பொழுதை இதற்கென்று ஒதுக்குங்கள். ஆறு மணிக்கு உட்கார்ந்தால் பதினொன்றுக்குள் ஒவ்வொரு தாய்க்கும் ஐந்தாறு பந்தி கிடைக்கும். ஒரு தாளில் நேரம், எந்தத் தாய், குட்டிகள் உறையும் கணத்தில் மடியில் எத்தனை, அதில் அந்நிய அடையாளம் எத்தனை, பால் இறங்கியதா இல்லையா என்று எழுதுங்கள். உறையும் கணத்தில் எண்ணுவதுதான் முக்கியம். முட்டும்போது மடியைச் சுற்றி ஓடும் குட்டிகளை எண்ணினால் எல்லாமே திருடனாகத் தெரியும்.

ஆறு பந்தியில் மூன்றுக்கு மேல் ஒரே அந்நியக் குட்டி அதே மடியில் இருந்தால் அது நிரந்தர விருந்தாளி. உடனே பிடித்து இழுக்க வேண்டாம். அந்தத் தாயிடம் காலிக் காம்பு இருந்து, அவள் சொந்தக் குட்டிகள் எடை ஏறிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். இயற்கையே குட்டி மாற்றிக்கொண்டது என்று கணக்கு. சொந்தக் குட்டி காம்பை இழந்து வெளியே சுற்றினால்தான் தலையிட வேண்டும். அப்போதும் திருடனைப் பிரித்துத் தன் தாயிடம் அடைப்பதால் பயனில்லை. அங்கே அதன் காம்பு வற்றியிருக்கும். பொறுமைசாலியான அந்தத் தாயையும் அவள் சொந்த ஈற்றையும் தனிக் கொட்டிலுக்கு எடுத்துவிடுவது நல்லது. கூட்டத்தில் நொந்துபோவது எப்போதும் சாதுவான தாய்தான். முரட்டுக்காரி அந்நியக் குட்டியை மூக்கால் தட்டிவிடுவாள்.

எடை பொய் சொல்லாது. ஏழாம் நாளில் பிறந்த எடையின் இரண்டு மடங்கு, மூன்று வாரத்தில் 5 கிலோவை ஒட்டி என்பது நல்ல போக்கு. வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே தராசில் பாருங்கள். ஒரு ஈற்றுக்குள்ளேயே பெரியதற்கும் சின்னதற்கும் இடைவெளி வாரா வாரம் விரிந்தால் பங்கு கெட்டிருக்கிறது. பத்தாம் நாளிலிருந்தே குட்டித் தீவனத்தை ஒரு கைப்பிடி வீதம் தட்டில் வைத்து, நாளுக்கு இரண்டு முறை புதிதாக மாற்றுங்கள். பின்காம்புக்காரர்கள்தான் முதலில் வருவார்கள்.

தண்ணீர், உப்பு, வெயில்

இந்தக் கரையில் மடி வற்றுவதற்கு நோயைவிடத் தண்ணீர் அதிகக் காரணம். பால் கொடுக்கும் தாய்க்கு நாளுக்கு 20 முதல் 30 லிட்டர், வெயிலில் அதற்கு மேலும் வேண்டும். கடித்தால் தண்ணீர் வரும் குழாய்முனையான நிப்பிளில் நிமிடத்துக்கு 2 லிட்டர் வர வேண்டும். குவளையைப் பிடித்து அளந்து பாருங்கள். உப்பு படிந்து அடைத்த நிப்பிளைத் தாய் ஒரு நிமிடம் கடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். நால்வருக்கு இரண்டு நிப்பிள், தள்ளித் தள்ளி. ஒன்று மட்டுமிருந்தால் பெரியவள் முன்னால் நிற்பாள்.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் விலை சில நூறு ரூபாய்தான், வாங்கிவிடுங்கள். லிட்டருக்கு 3,000 மில்லிகிராமுக்குள் இருந்தால் பிழையில்லை. அதற்கு மேல் கழிச்சல் தொடங்கும். 5,000 தாண்டிய கிணற்றை பால் கொடுக்கும் தாய்க்கும் சினைக்கும் காட்டாதீர்கள். மழைநீர்த் தொட்டியிலிருந்தோ ஊருணியிலிருந்தோ கலந்து கொடுங்கள். கோடை முற்ற முற்ற அதே கிணற்றின் உப்பு ஏறும். பங்குனியில் ஒரு முறை, ஆனியில் ஒரு முறை மறுபடி அளக்க வேண்டும்.

உப்பு இன்னொரு வாசல் வழியாகவும் வரும்: கருவாட்டுக் கழிவு. பாம்பன், மண்டபம் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதென்று புரதத்துக்காகச் சேர்ப்பார்கள். அதில் உப்பு 15 சதவீதம் என்று வைத்தால், 100 கிலோ தீவனத்தில் 10 கிலோ சேர்க்கும்போதே ஒன்றரைக் கிலோ உப்பு போகிறது. தீவனத்துக்கு வேண்டியதோ அரைக் கிலோ. தண்ணீரும் உப்பு, கருவாடும் உப்பு என்றால், ஒரு நாள் மோட்டார் பழுதாகித் தண்ணீர் நின்றாலே உப்பு நஞ்சாகும். தாய் திசை தெரியாமல் சுவரில் முட்டும், வலிப்பு வரும். அப்படி நடந்தால் தொட்டி நிறையத் தண்ணீரை ஒரேயடியாகக் காட்டாமல் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். கருவாடு சேர்த்தே ஆக வேண்டுமென்றால் நல்ல தண்ணீரில் இருமுறை ஊறவைத்து வடித்துவிட்டு, தீவனத்தில் தனியாக உப்பு போடுவதை நிறுத்துங்கள். ஓட்டல் கழிவு கொடுப்பவர்கள் கொதிக்கவைக்காமல் கொடுக்கக் கூடாது. 2020இல் இந்தியாவுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு மருந்தும் இல்லை, பிழைப்பும் அரிது.

தீவன அளவு: தாய்க்கு இரண்டரைக் கிலோ, அதோடு குட்டிக்குக் கால் கிலோ வீதம். பத்துக் குட்டிக்காரிக்கு 5 கிலோ. ஈன்ற நாளில் ஒரு கிலோவில் தொடங்கி, நாளுக்கு அரைக் கிலோ கூட்டி, ஒன்பது நாளில் அங்கே போய்ச் சேருங்கள். வெயிலில் பன்றி தின்னாது, தின்னாவிட்டால் பால் இல்லை. அதிகாலை ஐந்துக்கு ஒரு பங்கு, மாலை ஆறரைக்கு ஒரு பங்கு, இரவு பத்துக்கு மிச்சம். தொட்டியில் தலைக்குத் தலை தோள்வரை நீளும் தடுப்புப் பலகை வையுங்கள். இல்லையென்றால் சாதுவானவளின் 5 கிலோவில் ஒன்றரை முரட்டுக்காரிக்குப் போகும்.

நண்பகலில் குளிர்விக்க கழுத்திலும் தோளிலும் சொட்டுநீர் விழுவதுபோல் குழாய் கட்டுங்கள். மடிமேல் தண்ணீர் ஊற்றுவது கூடாது. ஈரத் தரையில் சாணத்தோடு மடி ஊறினால் மடிநோய் வரும். தாய் குப்புறப் படுத்து மடியை மறைத்தால், மடி கல்லாகிச் சுட்டால், ஆசனவாய் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டால் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம். பால் இறங்கவில்லை என்றதும் ஆக்சிடோசின் ஊசியைத் தாமே போட்டுக்கொள்ளும் பழக்கம் நல்லதில்லை. மடி வீக்கத்துக்குக் காரணம் கிருமி என்றால் அது ஒன்றும் செய்யாது.

கடைசி வாரங்கள்

நான்காவது வாரத்தில் தாய் தானே பந்தியைக் குறைக்கும். குட்டி முட்டத் தொடங்கியதும் எழுந்துபோகும், அல்லது மடிமேல் கவிழ்ந்து படுக்கும். இதைச் சண்டை என்று நினைத்து அடைத்துவைக்காதீர்கள். இந்தக் கட்டத்தில் 14 அங்குலத் தடுப்பு தாண்டிப் போகும் ஒரு திண்ணை இருந்தால் தாய்க்கு ஓய்வு. இரண்டாவது வாரத்திலேயே அதைத் திறந்துவிட்டால் பால் கொடுப்பதையே பாதியாகக் குறைத்துவிடும், ஆகவே 21 நாளுக்கு முன் வேண்டாம்.

கூட்டத்தில் இருக்கும் தாய் சில சமயம் குட்டி குடித்துக்கொண்டிருக்கும்போதே பருவத்துக்கு வரும். மூன்று நான்கு வாரத்தில் ஒருத்தி மட்டும் அமைதியில்லாமல் மற்றவள்மேல் ஏறினால், பந்தி தவறினால் அதுதான். ஆண் பன்றியின் கொட்டில் காற்று வீசும் பக்கத்தில் இருந்தால் இது கூடும். கச்சான் காற்றும் கொண்டல் காற்றும் மாறி மாறி அடிக்கும் கரையில் இரண்டு பக்கத்துக்கும் தள்ளி வைப்பதே வழி. அப்போது சேர்த்துவிட்டால் அவள் அடுத்த அணியின் தேதியிலிருந்து விலகிவிடுவாள். மூன்று நாள் பொறுத்தால் அடங்கும்.

42ஆம் நாளை ஒட்டிய வியாழக்கிழமை மாலையில் நான்கு தாய்களையும் ஒன்றாக வெளியேற்றுங்கள். குட்டிகள் அதே கொட்டிலில் இருக்கட்டும். இடமும் பழசு, கூட்டாளிகளும் பழசு என்பதால் கத்தல் இரண்டு நாளில் ஓயும். தாய்க்கு அன்று தீவனத்தைப் பாதியாக்கி, தண்ணீரை மட்டும் குறைக்காமல் வையுங்கள். திங்கள் காலையிலிருந்து நால்வரையும் பருவத்துக்குப் பாருங்கள்.